தாய்வழி மட்டுமே உள்ள பாம்பு

அமரவிளையில் சித்தி வீட்டு முற்றம், மழை விட்ட காலை. செம்பருத்தித் தொட்டியை நகர்த்தியதும் ஈரமண்ணில் கறுப்பு நூல்துண்டு போல ஒன்று நெளிந்தது. மண்புழு என்றுதான் நினைத்தேன். மண்புழுவுக்கு ஏது நாக்கு? இது நாக்கை நீட்டி நீட்டி மண்ணை மோப்பம் பிடித்தது.

“தொடாத மக்கா, செவிக்குள்ள ஏறிரும்!” என்றார் சித்தி.

அந்தப் பயத்தில் வந்த பெயர்தான் செவிப்பாம்பு. புழுப்பாம்பு என்றும் சொல்வோம், மலையாளத்தில் குருடி. பாவம், இதற்கு விஷமே இல்லை. எறும்பு, கரையான் கூடுகளில் உள்ள முட்டையும் புழுவும்தான் பெரும்பாலும் சாப்பாடு. கரையானைப் பிடித்தால், பல சமயம் அதைத் தரையில் தேய்த்துத் தலையை ஒடித்துவிட்டு உடலை மட்டும் விழுங்குகிறது. கரையான் தலை எளிதில் செரிக்காது. 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்தார்கள்.

உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு சாண்கூட இல்லை. விரலிடுக்கில் தலையை முட்டிப் புகப் பார்த்தது. வால்நுனியிலிருந்த பொடி முள்ளைத் தோலில் ஊன்றி உந்தியது. சுருக்கென்றது, வலிக்கவில்லை. வாலால் கொட்டும் என்கிறார்களே, அது இதுதான். தலைச் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகள். வெளிச்சம் இருட்டு அறிய அந்தக் கண்கள் போதும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் புழுப்பல்லிகள் என்றொரு கூட்டம் உண்டு, இந்தியாவில் இல்லை. உறவு தூரம், உருவம் கிட்டத்தட்ட இதேதான். மண்ணுக்குள் பிழைப்பவர்களை மண் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது.

1796இல் பாட்ரிக் ரஸ்ஸல் தன் இந்தியப் பாம்பு நூலில், விசாகப்பட்டினத்தில் கிடைத்த செவிப்பாம்பு ஒன்றைப் படத்தோடு வெளியிட்டார். தெலுங்கில் அதற்கு ‘இரண்டு தலைப் பாம்பு’ என்று பெயர். பிரான்சின் டாடின் 1803இல் அறிவியல் பெயர் சூட்டினார்.

இந்த இனத்தில் ஆணே இல்லை. இதுவரை ஆய்ந்தவை எல்லாம் பெண்கள். பெரும்பாலான விலங்குகளுக்கு இரண்டு தொகுதி குரோமோசோம்கள் இருக்கும், இதற்கு மூன்று. இணை சேராமலே முட்டையிடுகிறது, தாயின் மறுபதிப்பாகக் குஞ்சு வருகிறது. ஒரே ஒரு பாம்பு போய்ச் சேர்ந்தால் போதும், ஊர் நிறைந்துவிடும். செடித்தொட்டி மண்ணோடு கப்பலேறி ஹவாய், புளோரிடா, மெக்சிகோ, ஆஸ்திரேலியா என்று குடியேறியது அப்படித்தான். உலகில் இத்தனை தூரம் பரவிய பாம்பு வேறில்லை. அதன் தாய்வீடு தெற்காசியா என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

மரச்சீனி மூட்டில் விட்டேன். ஒரு நெளிப்பு, மண் மூடிக்கொண்டது. சித்தி தொட்டியைத் திரும்ப வைக்கும்போது, ஒருபக்கம் சாய்த்து அடியில் பார்த்துவிட்டு மெல்ல இறக்கினார்.