‘கனெக்ட் ஆயிடுச்சு… ஆனா ஃபைல் போகல!’



இன்பிளான்ட் டிரெயினிங்குக்காகத் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்குப் போயிருந்தேன். வாசலில் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்பது நமக்குப் பழகிய காட்சிதான். ஆனால் உள்ளே ஒரு சின்ன ரூமில் இருக்கும் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் வெளியே இருப்பவர் வயிற்றில் அடி விழும் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது.

பெட்டி யார்டுக்குள் வந்தால் ‘கேட் இன்’, வெளியே போனால் ‘கேட் அவுட்’. இந்த விவரம் ‘கோடெக்கோ’ என்ற டெக்ஸ்ட் ஃபைலாகக் கப்பல் கம்பெனி சர்வருக்குப் போகணும். அதை அனுப்புவது எஃப்.டி.பி. கிளையன்ட். ஃபைல் போகலேன்னா, காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் கணக்கில் அது திரும்பாத பெட்டிதான். தாமதக் கட்டணம் ஏறிக்கிட்டே இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் அதுதான் நடந்தது. வெளியே ஒரு டிரைவர் அண்ணன், “பெட்டிய எறக்கி ரெண்டு நாளாச்சு சார். இன்னும் வரலன்னு சொல்லி ஓனர் என் பேட்டாவுல புடிக்கிறாரு” என்று நின்றார். சூப்பர்வைசர் ஆபரேட்டர் அக்காவைப் பார்த்து, “நீ ஒழுங்கா அனுப்பலம்மா” என்று சத்தம் போட்டார். அக்காவோ, “ஸ்கிரீன்ல கனெக்டட்னு காட்டுதே சார்!” என்று கண் கலங்கிவிட்டார்.

அக்கா சொன்னது பொய்யில்லை. அது எப்படி?

இரண்டு லைன் ரகசியம்

எஃப்.டி.பி.யின் முதல் வரைவை எழுதியவர் ஓர் இந்தியர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் பேட்ச் மாணவரான அபய் பூஷண், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971 ஏப்ரலில் எழுதினார். 1985-ல் வந்த தரநிலைதான் இன்றும் இதற்கு அடிப்படை.

இதில் லைன் இரண்டு. ஒன்று கட்டளை லைன். சர்வரின் 21-ம் எண் போர்ட்டில் பேசும். இன்னொன்று டேட்டா லைன். ஃபைல் லிஸ்ட்டும் ஃபைலும் இதில்தான் போகும். ஹார்பரில் வாக்கி டாக்கியில் பேசுவது வேறு, கிரேன் பெட்டியைத் தூக்குவது வேறு இல்லையா? அதே மாதிரிதான். ‘கனெக்டட்’ என்றால் வாக்கி டாக்கி வேலை செய்கிறது என்று மட்டுமே அர்த்தம்!

டேட்டா லைனை யார் திறப்பது? ஆக்டிவ் முறையில் சர்வர் நம் கம்ப்யூட்டரைத் தேடி வரும். நடுவில் இருக்கும் ஃபயர்வால், ‘யாருப்பா நீ?’ என்று அதை வாசலிலேயே நிறுத்திவிடும். பாசிவ் முறையில் சர்வர் ஒரு போர்ட் எண்ணைச் சொல்லும். நாம் அங்கே போவோம்.

அக்காவைத் திட்டி முடித்த பிறகுதான் லாக் ஃபைலைத் திறந்தோம். லாகின் ஆகியிருக்கிறது, அடுத்த வரியில் 425. டேட்டா லைன் திறக்கவில்லை என்று அர்த்தம். விசாரித்தால், இரண்டு நாள் முன்புதான் புது ஃபயர்வால் போட்டிருக்கிறார்கள். கிளையன்ட்டோ ஆக்டிவ் முறையில் இருந்தது. பாசிவுக்கு மாற்றினோம். சர்வர் 227 என்று பதில் சொல்லி ஆறு எண்களைக் கொடுத்தது. முதல் நான்கும் ஐ.பி. முகவரி. கடைசி இரண்டில்தான் போர்ட். உதாரணமாக 195, 80 என்று வந்தால், 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டுங்கள்: 50000. அந்தக் கதவு திறந்தது. தேங்கியிருந்த இரண்டு நாள் ஃபைல்களும் போய்ச் சேர்ந்தன.

நீங்கள் பார்க்க வேண்டிய வரிசை

1. முதல் பதிலாக 220 வருகிறதா? வராவிட்டால் முகவரி தப்பு, சர்வீஸ் நின்றிருக்கிறது, அல்லது 21 அடைபட்டிருக்கிறது. பிங் பதில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பல இடங்களில் பிங்கை அடைத்தே வைத்திருப்பார்கள்.

2. 530 வந்தால் யூசர் நேம், பாஸ்வேர்டு கோளாறு. முதலில் கேப்ஸ் லாக்கைப் பாருங்கள்!

3. லாகின் ஆகியும் லிஸ்ட் வரவில்லையா? டேட்டா லைன். பாசிவ் போடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் சர்வர் பக்கம் போங்கள்: பாசிவ் போர்ட் வரிசை ஃபயர்வாலில் திறந்திருக்கணும். வெளியே இருக்கும் நமக்கு 227 பதிலில் 192.168 என்று தொடங்கும் முகவரி வந்தால், சர்வர் தன் உள்வீட்டு முகவரியைச் சொல்லுகிறது. அங்கேதான் திருத்தணும்.

4. 550 வந்தால் ஃபோல்டர், ஃபைல் பெயர், அனுமதி மூன்றையும் பாருங்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸுக்கு வேறு வேறு.

5. 452, 552 வந்தால் சர்வரில் இடம் இல்லை, அல்லது உங்களுக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டது.

6. ஃபைல் போய்விட்டது, ஆனால் திறக்கவில்லையா? ஜிப், போட்டோ போன்றவற்றை ஆஸ்கி முறையில் அனுப்பினால் வரி முடிவுக் குறிகளை மாற்றிக் கெடுத்துவிடும். பைனரி போடுங்கள். இரண்டு பக்கமும் ஃபைல் சைஸை ஒப்பிடுங்கள்.

ஒரு சூத்திரம்: 4-ல் தொடங்கும் எண் தற்காலிகம், சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம். 5-ல் தொடங்கினால் எதையாவது திருத்தாமல் நூறு தடவை அழுத்தினாலும் பலன் இல்லை.

இன்னொன்று. சாதாரண எஃப்.டி.பி.யில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுமே 2021-ல் அதைக் கைவிட்டன. முடிந்த இடத்தில் எஸ்.எஃப்.டி.பி.க்கு மாறச் சொல்லுங்கள். 22-ம் போர்ட் ஒன்றே போதும். இரண்டு லைன் தலைவலியும் இல்லை.

அன்று இரவு டிரைவர் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். சூப்பர்வைசர் அக்காவிடம், “சரிம்மா, விடு” என்று மட்டும் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. லாக்கில் ஒரு வரியைப் படிக்க அரை நிமிஷம்கூட ஆகாது; அதைப் படிக்காமல் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது.

நாளைக்கு நாமும் இதே எண்ணூரிலோ ராயபுரத்திலோ ஒரு சிஸ்டம் ரூமில் உட்காரப் போகிறோம். முதலில் லாக்கைப் படிப்போம் நண்பர்களே, ஆளை அப்புறம் பார்ப்போம்!

— மூன்றாம் ஆண்டு, கணினித் துறை