பரணில் வைத்த றங்குப்பெட்டி

2009 இல் முள்ளிவாய்க்கால் வரை அம்மா ஒரு பையில் சுமந்த படங்களும் பிறப்புச் சான்றிதழ்களும்தான் எங்கள் றங்குப்பெட்டியில் இருக்கின்றன. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சி வெள்ளக்காடானபோது, பரந்தனில் எங்கள் வீட்டுப் பரணில் அதை ஏற்றினோம். வெள்ளம் தொடவில்லை. பூஞ்சணம் தொட்டது.

கூரை ஒழுகுகிறது என்று மேசனைக் கூப்பிட்டோம். ஓட்டையே இல்லை. பகலில் கொதிக்கும் சீற் இரவில் விரைவாகக் குளிர்கிறது. கீழே அடைபட்ட ஈரக்காற்று அதில் துளியாகப் படிந்து சொட்டுகிறது. முகட்டுச் சுவர் இரண்டிலும் காற்றுத் துவாரம் வைத்த பிறகு சொட்டுவது குறைந்தது.

காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் கடதாசியில் பூஞ்சணம் வளரலாம். மாரியில் இங்கே அதற்கு மேல்தான். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டியது எங்கள் பெரிய பிழை. ஈரத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டோம். ஈரமான பத்திரத்தை லமினேற் செய்வதும் அதே பிழைதான், பிறகு பிரிக்கவும் முடியாது.

படத்தின் மேற்பரப்பு ஜெலற்றின். ஈரத்தில் அது பசையாகும். ஒட்டியதை இழுத்தால் முகம் உரிந்துவிடும். முதலில் இருந்தபடியே கைபேசியில் படமெடுத்தேன். வெயிலில் போட்டால் நிறம் போகும் என்பதால் நிழலில் உலர்த்தி, வாயை மூடிக்கட்டிக்கொண்டு, முற்றத்தில் வைத்து மென்தூரிகையால் தட்டினேன்.

அண்ணாவின் படத்தில் சட்டைப் பக்கம் போய்விட்டது, முகம் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்துக்கு அம்மா ஏந்திப் போவது அதன் பெருப்பித்த பிரதியை. இன்னொன்று கனடாவில் மாமாவிடம். மூலப்படம் அலுமாரியில், சுவரில் முட்டாமல், கடதாசி உறைக்குள்.