பச்சோந்திக்கு ஏன் வலைக்கூண்டு?

மீனுக்குக் கண்ணாடித் தொட்டி போதும். மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்திக்கு அது ஆகாது. அமெரிக்காவில் அதை வளர்ப்பவர்கள் பலர் வலைக்கூண்டைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள்.

ஏன்? இந்தப் பிராணி கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கும். ஆகவே தினமும் நீர் தெளிக்க வேண்டும். அந்த ஈரம் காற்றோட்டமில்லாத பெட்டியில் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், மூச்சுத் தொற்று வரும். அடுத்தது வெயில். புறஊதா-பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகி, எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேரும். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும்.

எடையையும் பாருங்கள். 2 அடி நீள அகலமும் 4 அடி உயரமும் உள்ள கூண்டை 5 மி.மீ. கண்ணாடியில் செய்தால் 40 கிலோவைத் தொடும். வலைக்கூண்டின் சட்டம் அலுமினியம்; அது கண்ணாடியைவிட இலேசான பொருள் அல்ல. சுவர் வெறும் வலையாகவும் சட்டம் உள்ளே கூடாகவும் இருப்பதால்தான் கூண்டைக் கையில் தூக்க முடிகிறது.

ஜன்னல் கொசுவலைச் சட்டமே இதற்கும் போதும். மூலைத் துண்டுகளால் இணைத்து, வலையை விரித்து, ரப்பர் கயிற்றைச் சட்டத்தின் பள்ளத்தில் சிறு உருளையால் அழுத்திக்கொண்டே போனால், வலை பறைத்தோல் போல விறைக்கும். கண்ணாடியிழை வலை வேண்டாம். இரையாக விடும் சிள்வண்டு கடித்து ஓட்டை போட்டுவிடும். உலோக வலையே நல்லது.

நம் வேலியோரப் பச்சோந்தியை இதில் அடைக்க நினைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம்.