அமைதியாய் இருப்பவரை முதலில் பாருங்கள்



சேலத்திலிருந்து ராசிபுரம் பக்கமாக நாமக்கல் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் 108 ஆம்புலன்ஸ் விரைந்து போவதைக் கண்டு, ஒரு கணம் ஜெபித்திருப்பீர்கள். தமிழகத்தில் 2008 செப்டம்பர் 15 முதல் இச்சேவை இலவசமாக நடைபெற்று வருகிறது. வழக்கமாக அவ்வண்டியில் டாக்டர் இருப்பதில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 'பைலட்' என்று அழைக்கப்படும் ஓட்டுநரும், ஓர் அவசர மருத்துவ உதவியாளருமே இருப்பார்கள். கட்டுப்பாட்டு அறையிலுள்ள டாக்டரிடம் போனில் ஆலோசனை கேட்கலாம். ஆனால் அந்த டாக்டருக்குக் கண்ணும் கையும் இந்த உதவியாளர்தான். இவர் கவனிக்கத் தவறியதை அவரும் அறிய முடியாது.

ஓர் உதாரணம் சொல்கிறோம். லாரி மோதி இருவர் அடிபட்டிருக்கிறார்கள். ஒருவர் கால் முறிந்து அலறுகிறார். மற்றவர் புளியமரத்தடியில் சாய்ந்தபடி, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று மட்டும் கேட்கிறார். கூட்டம் அலறுகிறவரிடம்தான் ஓடும். ஆனால் அலறுகிறவருக்கு இப்போதைக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. மற்றவருக்கோ வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். வளர்ந்த மனிதர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் உண்டு. அதில் 1 லிட்டர் போன பின்னும் இரத்த அழுத்தக் கருவி சரியான அளவையே காட்டக்கூடும். அதற்கு முன்பே உடல் வேறு விதமாய் எச்சரிக்கிறது. நாடி 100-க்கு மேல் ஓடும். தோல் சில்லிட்டு வியர்க்கும். நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆகும். தாகமும் பதற்றமும் காணும். இவற்றைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் விரல் நுனிதான்.

மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு, பிறகு உடல் முழுவதும் என்ற வரிசையில் சோதிக்க வேண்டும். விபத்து சிகிச்சையில் இவ்வொழுங்கு பரவியதன் பின்னே ஒரு துக்கம் இருக்கிறது. 1976-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர் ஓட்டிய சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்தார்; பிள்ளைகள் காயமுற்றனர். அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சையைக் கண்டு மனம் நொந்த அவர், தோழர்களுடன் சேர்ந்து 1978-இல் மருத்துவர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். அது இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது.

இவ்வரிசையை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். சோதனை அதற்குப் பிறகுதான். மங்கலான வெளிச்சத்தில் ஒரு சக மாணவர் தரையில் நோயாளியாகக் கிடப்பார். கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கு மாணவர் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கையில், "இப்போது மூச்சில் களகளவென்று சத்தம் கேட்கிறது" என்பார் ஆசிரியர். கட்டுத்துணியை விட்டுவிட்டு மறுபடி மூச்சுப்பாதைக்குப் போகிறாரா? அதைத்தான் கவனிப்பார்கள். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணவும் பழக வேண்டும். 12 முதல் 20 வரை இயல்பு. 30-ஐத் தாண்டினால் ஆபத்து. ஓடும் வண்டியில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

நம் பகுதிக் கிராமங்களில் விபத்து மட்டுமா? பூச்சிமருந்து குடித்தவருக்குக் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, எச்சில் வழியும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமே இல்லாதிருக்கலாம். முதலில் இமை தொங்கும். பிறகு மூச்சு தளரும். தூக்கக் கலக்கம் என்று வீட்டார் எண்ணிவிடுவார்கள்.

கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் நிற்கும். பயிற்சிக்குக் கொடுப்பது அப்படிக் கண்ணில் படாது. அதுவும் ஒருமுறை கொடுத்துத் தீராது. பழகாத கை சில மாதங்களிலேயே மறந்துவிடுகிறது. தேர்ச்சி பெற்ற உதவியாளரும் திரும்ப வந்து, தரையில் முழங்காலிட்டு, பொம்மையின் தாடையை உயர்த்தி, முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.