பேரரசரின் எஃகு உடை

மாட்ரிட் அரண்மனை வளாகத்தில் உள்ள அரச படைக்கலச் சாலை, உலகின் மிகச் சிறந்த கவசத் தொகுப்புகளுள் ஒன்று. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் கவசங்களே அதன் உயிர். 1558-இல் அவர் இறந்தபின் கடனை அடைக்க அவை விற்பனைக்கு வந்தன. மகன் இரண்டாம் பிலிப் அவற்றை வாங்கிக் காப்பாற்றினார். 2009-இல் அத்தொகுப்பின் கவசங்கள் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் அரச உருவப்படங்களோடு காட்சிக்கு வைக்கப்பட்டன.

இவற்றைப் பார்ப்பவர் கண் முதலில் தங்கப் பூச்சில்தான் நிற்கும். மூட்டுகளைப் பாருங்கள் என்பேன் நான். கவசத்தின் அறிவெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஒடுக்கமான எஃகுத் தகடுகள் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு தகட்டில் வட்டத் துளை, அடுத்ததில் நீள் துளை. இரண்டையும் இணைக்கும் ஆணி நீள் துளைக்குள் முன்னும் பின்னும் நகர்வதால், கை மடங்கினாலும் உடம்பு வெளியே தெரிவதில்லை. தகட்டின் கனமும் எங்கும் ஒன்றல்ல: அடி விழும் மார்பில் தடிப்பு, கைகால்களில் மெல்லிசு.

போர்க்களக் கவசம் சுமார் 20 முதல் 25 கிலோ இருக்கும். அந்த எடை உடல் முழுவதும் பகிர்ந்து நிற்பதால் பயிற்சி பெற்ற வீரர் ஓடலாம், தானே குதிரை ஏறலாம். பளுதூக்கி வைத்து ஏற்றினார்கள் என்பது வெறும் கதை. ஈட்டிப் போட்டிக்கான கவசம் வேறு. அது இன்னும் கனமானது.

மிலான் நகரத்து பிலிப்போ நெக்ரோலி 1533-இல் சார்லஸுக்குச் செய்த தலைக்கவசத்தில் சுருள்முடியும் தாடியும் எஃகிலேயே புடைத்து நிற்கின்றன. பொன், வெள்ளி போல எஃகு சுத்தியலுக்கு எளிதில் இணங்காது. தவறிய ஓர் அடியில் தகடு கிழிந்துவிடும். அந்தக் கைத்திறனுக்கு ஈடு சொல்ல எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

ஆக்ஸ்பர்க் நகரத்து டெசிடேரியஸ் ஹெல்ம்ஷ்மிட் 1544-இல் செய்த கவசத்தை அணிந்துதான் சார்லஸ் 1547-இல் முல்பெர்க்கில் புராட்டஸ்டண்ட் இளவரசர்களை வென்றார். அதன் மார்பில் கத்தோலிக்கர் போற்றும் கன்னி மரியாளின் உருவம். யாரை எதிர்த்து, எதற்காக நின்றார் என்பதை அது பகைவருக்கு அறிவித்தது. மறு ஆண்டே ஓவியர் டிஷியன் அவரை அக்கவசத்தோடு குதிரைமேல் வரைந்தார்.

அந்த ஓவியம் மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கவசம் அரண்மனையில். அங்கே போக வாய்ப்புக் கிடைத்தால் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள்.