மாவீரன் யார்?

அமெரிக்கத் திரையுலகம் 2025இல் சூப்பர்மேனை மீண்டும் புதிதாகப் படைத்தது. தமிழிலோ, 1986இல் ரஜினிகாந்த் நடித்த ‘மாவீரன்’ படத்தின் பெயர் 2023இல் வேறொரு கதைக்குச் சூட்டப்பட்டது. மடோன் அஸ்வின் இயக்கிய இப்படத்தின் நாயகன் (சிவகார்த்திகேயன்) சித்திரக்கதை வரைபவன். எதற்கும் அஞ்சி ஒதுங்குபவன். குடிசையினின்று பெயர்க்கப்பட்டு, தரமற்ற அடுக்குமாடி வீட்டில் குடியேற்றப்பட்டவன். அவன் செவிக்கு மட்டும் கேட்கும் குரலொன்று அவனை வீரனாக்குகிறது.

ஏழையின் விரிசல்விட்ட சுவரைக் கதையின் கருவாக்கியது இப்படத்தின் நிறை. தன் உயிர் போகக்கூடுமென அறிந்தும், சரியும் கட்டடத்தினுள் ஒரு சிறுமியைக் காக்க அவன் நுழையும் காட்சி தியாகத்தின் உயர்வைக் காட்டுகிறது.

குறையும் உண்டு. பலர் கூடிச் செய்யும் ஊழல் ஓர் அமைச்சரின் கொடுமையாகச் சுருங்கி, அடிதடியில் தீர்ந்துவிடுகிறது. மக்கள் ஒன்றுகூடி நியாயம் கேட்கும் வழி மங்கிப்போகிறது.

வடக்குப்பட்டிலும் ஒரகடத்திலும் ஷிப்டு வேலை முடித்துக் களைத்து வரும் பெற்றோரே! பிள்ளைகளோடு இப்படத்தைக் கண்டால், மாலைச் செபத்திற்குப்பின் ஒன்று கேளுங்கள்: அக்குரல் ஒலிக்காவிடினும் அவன் உள்ளே சென்றிருப்பானா? நம் உள்ளத்தில் ஒலிக்கும் குரலை மனச்சான்று என்கிறோம். அதைக் கேட்கும் பழக்கம் வீட்டிலேதான் தொடங்குகிறது.