எத்தனை கிளாஸ்னு கேட்காதீங்க, எத்தனை மணி நேரம்னு கேளுங்க

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் இருந்து அடிக்கடி வர்ற கேள்வி: "கார் ஓட்டக் கத்துக்கணும், எந்த டிரைவிங் ஸ்கூல்ல சேரலாம்?" நான் ஸ்கூல் பேர் எதுவும் சொல்லப் போறதில்லை. எந்த ஸ்கூலுக்குப் போனாலும் போட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு சின்னக் கணக்கு சொல்றேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-னு ஒண்ணு இருக்கு. அதுல 31-வது விதிப்படி, சொந்தக் கார் ஓட்டக் கத்துக்கிறவங்களுக்கு ஸ்கூல் தர்ற பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதுல நீங்க வண்டி ஓட்டுற நேரம் மட்டும் குறைஞ்சது 10 மணி நேரம் இருக்கணும்.

இப்போ கணக்கு. தினம் அரை மணி நேரம் ஓட்டினா, 21 நாள்ல பத்தரை மணி நேரம். சரியா வருது. ஆனா ஒரே கார்ல மூணு பேரை ஏத்திக்கிட்டு ஒரு மணி நேரம் சுத்தினா, ஸ்டீயரிங் உங்க கைக்கு வர்றது 20 நிமிஷம்தான். அதுவும் '15 கிளாஸ் பேக்கேஜ்'னா மொத்தமே 5 மணி நேரம். விதி சொல்றதுல சரிபாதி! அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடியே, "கார்ல என்கூட எத்தனை பேர் இருப்பாங்க? நான் ஓட்டறது எத்தனை நிமிஷம்?"னு கேட்டுடுங்க.

அடுத்தது தேதி. எல்.எல்.ஆர். கைக்கு வந்து 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அது செல்லுபடியாகிறது 6 மாசம். எல்.எல்.ஆர். வந்த வாரமே கிளாஸ் ஆரம்பிச்சா, 21 நாள் பயிற்சி முடியறதும் டெஸ்ட் தேதியும் கிட்டத்தட்ட ஒண்ணா வரும். கத்துக்கிட்டது மறக்காது.

டெஸ்ட்ல என்ன பார்ப்பாங்க? அதுக்கு 15-வது விதியில ஒரு பட்டியலே இருக்கு. கண்ணாடியைச் சரி பண்றது, சிக்னல் கொடுக்கிறது, ரிவர்ஸ் எடுக்கிறது எல்லாம் உண்டு. அதுல பலரும் பழகாமலே விடறது, ஏத்தத்துல வண்டியை நிறுத்தி, பின்னாடி உருளாம மறுபடி எடுக்கிறது. பெருங்களத்தூர், பல்லாவரம், மேடவாக்கம்னு நம்ம பக்கம் மேம்பாலத்துக்கா பஞ்சம்? சாயங்கால டிராஃபிக்ல ஏத்தத்துல நிக்கும்போது, பம்பரை ஒட்டி ஒரு பைக் நிக்கும். கார் அரை அடி பின்னாடி போனாலும் அவர் மேலதான். "மாஸ்டர், ஹேண்ட் பிரேக் போட்டு ஏத்தத்துல எடுக்கச் சொல்லிக் கொடுங்க"ன்னு வாய்விட்டுக் கேளுங்க.

இன்னொண்ணு. ஸ்கூல் கார்ல மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். வண்டி ஆஃப் ஆகாம ஓடுதுன்னா, அது உங்க கால் வேலையா அவர் கால் வேலையான்னு தெரியாது. கடைசி வாரத்துல, காலியான ரோட்டுல, "அவசரம்னா மட்டும் கால் வைங்க மாஸ்டர்"னு சொல்லி ஓட்டிப் பாருங்க. அப்போ தெரிஞ்சிடும்.

டெஸ்ட்ல ஃபெயில் ஆனா 7 நாள் கழிச்சு மறுபடி போகலாம். மூணு தடவையும் போச்சுன்னா 60 நாள் காத்திருக்கணும். ஆனா லைசென்ஸ் வாங்கின பிறகு நீங்க ஓட்டப் போற கார்ல அந்த ரெண்டாவது பிரேக் இருக்காது. அந்த 10 மணி நேரத்தை முழுசா கேட்டு வாங்குங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!